தார்சா ஜன்னலில் ஒரு தேநீர் மூலை: அரைத்திரை, லேஸ் விரிப்பு, டீக்குல்லா

ஐரோப்பியக் குடில் வீடு என்றதும் படங்களில் தெரிவது தாழ்ந்த உத்தரம், கணப்பு, கம்பளி, கனத்த திரை, பூப்போட்ட துணி, ஜன்னல் ஓரத்தில் ஒரு பீங்கான் டீ பாட். இதில் பாதிச் சாமான் குளிரை வெளியே நிறுத்துவதற்கென்று அந்த வீட்டுக்குள் வந்தவை. அவற்றை அப்படியே பாளையங்கோட்டையில் கொண்டுவந்து வைத்தால் சித்திரை மாதத்தில் அந்த மூலையில் பூனைகூடப் படுக்காது. அதனால் இங்கே ஒரு ஜன்னலோரத் தேநீர் மூலை அமைக்கும் இந்த வேலைக்கு ஒரே ஒரு விதி வைத்துக்கொண்டோம்: குளிருக்காக வந்தது வேண்டாம், வெளிச்சத்துக்காக வந்தது வேண்டும். கம்பளி, வெல்வெட், தடித்த விரிப்பு, மரப்பலகை ஒட்டிய சுவர் எல்லாம் போயிற்று. மிஞ்சியவை சுண்ணாம்புச் சுவர், துவைத்துத் துவைத்து மெத்தென்றான பருத்தி, அரை ஜன்னல் திரை, லேஸ், தேநீர்.

மிஞ்சியதில் பலதும் இந்தப் பக்கத்துச் சரக்குதான். அந்த வீடுகளில் பூப்போட்ட துணிக்கு ‘சின்ட்ஸ்’ என்று பெயர். நம் பாட்டிமார் ‘சீட்டித்துணி’ என்றதும் அதே சொல்தான். பதினேழாம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிப் போன துணி அது. அதன் விற்பனை தங்கள் நெசவாளர் பிழைப்பைக் கெடுக்கிறது என்று பிரான்ஸ் 1686-இலும், உடுத்தவே கூடாது என்று இங்கிலாந்து 1721-இலும் சட்டம் போட்டன. லேஸ் எதிர்த் திசையில் வந்தது. இடையன்குடியில் கால்டுவெல்லின் மனைவி எலைசா, நாகர்கோவிலில் லேஸ் பின்னலைத் தொடங்கிய மிஷனரி மால்ட் தம்பதியின் மகள். அவர் வழியாக இடையன்குடி என்ற அந்தத் தேரிக்காட்டு ஊரில் திண்டு வைத்து, ஊசி குத்தி, நூல்கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னும் லேஸ் வேலை பரவியது. ஆக இந்த மூலைக்கு வெளிநாட்டுக் கடை எதுவும் தேவைப்படவில்லை. திருநெல்வேலி டவுன் ரதவீதித் துணிக்கடைகளே போதும்.

இடம்: பழைய வீட்டின் தார்சா, அதாவது தெருப் பக்கத்து முன்கூடம்; மேற்குப் பார்த்த ஜன்னல். அகலம் 36 இஞ்ச், உயரம் 48 இஞ்ச். தேக்கு நிலை, நெட்டுக்கம்பி, வெளியே திறக்கும் கதவு. கீழே ஒரு பழைய பெஞ்சு, எதிரே 30 இஞ்ச் சதுர மேஜை.

சுவர்

ஜன்னலைச் சுற்றி 8 அடிக்கு 9 அடி சுவர் மட்டும் போதும். அங்கே இருந்தது பழைய சுண்ணாம்புப் பூச்சு, அது யோகம். எமல்ஷன் அடித்த சுவராக இருந்தால் சுண்ணாம்பு பிடிக்காது, மாதத்துக்குள் பொருக்குப் பொருக்காக உரிந்து வரும். அப்படிப்பட்ட சுவருக்கு மங்கல் வெள்ளை எமல்ஷனே அடித்துவிடுங்கள்.

நீற்றாத கல்சுண்ணாம்பு ஒரு கிலோவுக்கு 5 லிட்டர் தண்ணீர் கணக்கு. இந்தச் சுவருக்கு 2 கிலோ தாராளம். தண்ணீரை முதலில் ஊற்றி, சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். கொதிக்கும், பிளாஸ்டிக் வாளி இளகிவிடும் என்பதால் தகர டின். கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம், ஒரு துளி தெறித்தாலும் கண் பழுதாகும். ஒரு நாள் ஊறவிட்டு, பழைய வேட்டித் துணியில் வடிகட்டினோம். பால் பதம்தான் பதம். மூன்று கோட், ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் இடைவெளி, அடிக்கும் முன் சுவரைத் தண்ணீர் தெளித்து நனைப்பது. தடிப்பாக ஒரே கோட்டில் முடித்துவிடலாம் என்று ஒரு ஓரத்தில் அடித்துப் பார்த்த இடம் மட்டும் மறுநாளே வெடித்தது.

வெறும் வெள்ளை கண்ணைக் கூசும். மஞ்சள் காவி ஒரு கைப்பிடி கரைத்துச் சேர்த்தால் பழைய தந்த நிறம் வரும். ஈரத்தில் தெரிகிற நிறம் காய்ந்தால் பாதியாக வெளுக்கும். ஒரு சாண் இடத்தில் அடித்து, காயவிட்டுப் பார்த்த பிறகே மொத்தத்தையும் கலக்க வேண்டும். வழக்கமாகச் சேர்க்கும் நீலம் இதில் கூடாது. நீலம் விழுந்தால் பள்ளிக்கூடச் சுவர் ஆகிவிடும்.

அரைத்திரை

குடில் வீட்டு ஜன்னல்களின் சூட்சுமம் முழுத்திரை இல்லை, அரைத்திரை. கீழ்ப் பாதி மறைந்திருக்கும். உட்கார்ந்திருப்பவர் தெருவுக்குத் தெரிய மாட்டார். மேல் பாதி வழியாக வெளிச்சமும் காற்றும் வரும். நம் ஊர் வெக்கைக்கும் இதுதான் சரி.

துணிக்குச் சீட்டிப் பூவா, சிறுகட்டமா என்று இரண்டு வழி. மேற்கு வெயிலில் அச்சுப் பூ ஒரே வருடத்தில் வெளுக்கிறது. நூலிலேயே சாயம் ஏற்றி நெய்த கட்டம் இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்கும், வெளுத்தாலும் பார்வையாக வெளுக்கும். ஆகவே திரைக்குக் கட்டம், நிழலில் இருக்கும் டீ பாட் குல்லாவுக்குச் சீட்டி என்று பிரித்துக்கொண்டோம். வீரவநல்லூர்ப் பக்கத்துக் கைத்தறியில் சிறுகட்டத் துணி கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் சிறுகட்டச் சாரம் (லுங்கி) ஒன்றை வாங்கி வெட்டலாம், கேலி செய்கிறவர்கள் தைத்த பிறகு பார்க்கட்டும். பாலியெஸ்டர் கலப்பு வேண்டாம். ஓரத்தில் ஒரு நூலை உருவிக் கொளுத்தினால் தெரிந்துவிடும்: பருத்தி காகிதம் எரிகிற வாசத்தோடு சாம்பலாகும், மற்றது உருகி மணியாக உருளும்.

கணக்கு இது. திரையின் முழு உயரம் 25 இஞ்ச். மேலே 1 இஞ்ச் சுருக்கு நிற்க, அதன் கீழே கம்பி நுழைய 1¼ இஞ்ச், உள்மடிப்புக்கு ½ இஞ்ச்: ஆக 2¾. கீழே ஓரம் 3 இஞ்ச், உள்மடிப்பு ½: ஆக 3½. வெட்டும் உயரம் 31¼. நாம் 31½ வைத்தோம். அகலம் ஜன்னலைப் போல இரண்டு மடங்கு வேண்டும், அதாவது 36 இஞ்ச் பன்னாவில் (துணி அகலத்தில்) இரண்டு துண்டு. ஒன்றரை மடங்கில் நிறுத்தினால் சுருக்கு விழாமல் ஆஸ்பத்திரித் திரை மாதிரித் தொங்கும். இரண்டு துண்டுக்கும் சேர்த்து 63 இஞ்ச். சுருங்குவதற்கும் சேர்த்து 1¾ மீட்டர் வாங்க வேண்டும்.

வெட்டுவதற்கு முன் ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டு, நிழலில் உலர்த்தி, ஈரப்பதம் இருக்கும்போதே இஸ்திரி போடுங்கள். இதைத் தாண்டிப்போகிறவர்கள்தான் முதல் துவைப்பில் கணுக்கால் தெரியும் திரையோடு வந்து நிற்பார்கள். சிவப்பு, நீலக் கட்டங்கள் சாயம் விடும். உப்புப் போட்டு ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்பது பரவலான நம்பிக்கை. ஏற்கெனவே ஏறிய சாயத்தை உப்பு பிடித்துவைக்காது. தண்ணீர் தெளிகிற வரை தனியாக இரண்டு மூன்று முறை அலசுவது ஒன்றே வழி.

தைக்கும் வரிசை: முதலில் இரண்டு பக்க ஓரங்களையும் அரை அரை இஞ்சாக இரு மடிப்பாக மடித்து அடிப்பது. பிறகு மேலே அரை இஞ்ச் உள்ளே, 2¼ இஞ்ச் கீழே மடித்து, மடிப்பின் அடியில் ஒரு தையல். அதற்கு 1¼ இஞ்ச் மேலே இணையாக இன்னொரு தையல். கம்பி இந்த இரண்டுக்கும் நடுவே போகும். கீழ் ஓரத்தை மட்டும் உடனே தைக்காதீர்கள். கம்பியில் கோத்து ஒரு நாள் தொங்கவிட்டு, ஜன்னல் படிக்கு அரை இஞ்ச் மேலே நிற்கிற மாதிரிக் குண்டூசி குத்திய பிறகு அடிப்பது. பழைய வீடுகளில் ஜன்னல் நிலை மட்டமாக இருக்கும் என்று எழுத்தில் யாரும் கொடுக்கவில்லை; இந்த ஜன்னலில் இடதுக்கும் வலதுக்கும் கால் இஞ்ச் வித்தியாசம்.

கம்பிக்குக் கடையில் முதலில் நீட்டுவது ஸ்பிரிங் ஒயர். 36 இஞ்சுக்கு அது நடுவில் தொய்யும், சுருக்கெல்லாம் நடுவே வந்து குவியும். 12 மில்லிமீட்டர் பித்தளைக் குழாய் வாங்கி, இரண்டு முனைக்கும் சாக்கெட் வைத்தோம். சுவரில் ஓட்டை போட வேண்டாம். சுண்ணாம்புக் காரைச் சுவர் பொலபொலவென்று கொட்டும், பிளக் பிடிக்காது. நிலையின் உள்பக்கத் தேக்கில் 2.5 மில்லிமீட்டர் பிட்டில் முன்துளை போட்டு, ஒரு இஞ்ச் ஸ்க்ரூ. முன்துளை இல்லாமல் பழைய தேக்கில் ஸ்க்ரூ ஏற்றினால் மரை பாதியில் முறியும், முறிந்ததை வெளியே எடுப்பது அன்றைய பொழுதைத் தின்றுவிடும்.

ஆடிக்காற்றுக்கு அம்மியே பறக்கும் என்கிற ஊரில் அரைத்திரை எம்மாத்திரம். கம்பி வழியாக வெளியே போய்க் கதவிடுக்கில் மாட்டிக் கிழிகிறது. கீழ் ஓரத்தின் நான்கு மூலையிலும் ஒரு ரூபாய் நாணயம் இரண்டிரண்டாகச் சிறு துணிப்பொட்டலத்தில் கட்டி மடிப்புக்குள் வைத்து, கைத்தையலால் நிறுத்தினோம். பொட்டலம் இல்லாமல் போட்டால் நாணயம் மடிப்புக்குள்ளேயே உருண்டு ஒரு பக்கம் சேர்ந்துவிடும்.

மேஜை விரிப்பும் லேஸும்

வெள்ளைப் பருத்தி, தைத்த பின் 36 இஞ்ச் சதுரம். 30 இஞ்ச் மேஜையில் சுற்றிலும் 3 இஞ்ச் இறங்கும். லேஸ் ஒரு இஞ்ச் அகலம். நான்கு பக்கமும் சேர்த்து 144 இஞ்ச், மூலை ஒவ்வொன்றிலும் சுருக்கி வளைக்க 2 இஞ்ச், இணைப்புக்கு ஒன்று: 153 இஞ்ச், அதாவது 4 மீட்டர். லேஸையும் ஊறவைத்துச் சுருங்கவிட வேண்டும். விரிப்பு ஊறி, லேஸ் ஊறாமல் தைத்தால் முதல் துவைப்பில் ஓரம் முழுக்கப் பப்படம் போலப் பொங்கி நிற்கும். நைலான் லேஸ் இஸ்திரியில் உருகும். மேலே சொன்ன நெருப்புச் சோதனை இதற்கும். இணைப்பை மூலையில் வைக்காமல் ஒரு பக்கத்தின் நடுவில் வைத்தால் கண்ணில் படாது.

பெஞ்சில் மெத்தை போட்டால் முதுகும் தொடையும் வேர்க்கும். பத்தமடைப் பாயைப் பெஞ்சு அளவுக்குக் கேட்டு வாங்கி, ஓரத்துக்குச் சீட்டித்துணியில் பட்டி கட்டினோம். பாயை மெஷினில் கொடுக்காதீர்கள், ஊசி கோரையை அறுத்துவிடும். கைத்தையல்தான், கோரைக்கு நடுவே பாவுநூலைப் பிடித்து.

டீக்குல்லா

டீ பாட்டின் மேல் கவிழ்க்கும் பஞ்சுக் குல்லா. அங்கே அதற்கு எதிரி குளிர். இங்கே சீலிங் ஃபேன். 33 டிகிரி அறையில் டீ தானாக அவ்வளவு சீக்கிரம் ஆறாது. காற்றாடிக்கு நேர் கீழே வைத்தால் ஆறும். எனவே கம்பளியோ தடித்த நுரையோ தேவையில்லை. மெல்லிய பஞ்சு, காற்றுப் புகாத இரண்டு பருத்திப் படலம், அது போதும்.

அளவெடுப்பதில்தான் எல்லோரும் தவறுகிறார்கள். பாட்டின் வயிற்றை மட்டும் அளந்தால் பிரயோசனம் இல்லை. மூக்கு நுனி, கைப்பிடி இரண்டையும் சேர்த்து டேப்பைச் சுற்ற வேண்டும். நாலு கப் பாட்டுக்கு அது 22 இஞ்ச், பாதி 11. தையலுக்கு இரு பக்கமும் அரை அரை, தளர்வுக்கு ஒன்று, பஞ்சின் தடிப்பு தின்கிற இடத்துக்கு ஒன்று: 14 இஞ்ச். பஞ்சைக் கணக்கில் சேர்க்காமல் 13 இஞ்சில் வெட்டிய முதல் குல்லா, பாட்டின் மூடியோடு அப்படியே நின்றுகொண்டது. உயரம்: மூடிக்குமிழ் வரை 6, தளர்வும் பஞ்சும் 2, மேல் தையல் அரை, கீழே உள்மடிக்க 1½: மொத்தம் 10. மேல் விளிம்பைச் சாப்பாட்டுத் தட்டு ஒன்றைக் கவிழ்த்து வளைவாக வரைந்தோம்.

வெட்ட வேண்டியவை: சீட்டியில் வெளித்துணி 2. வெள்ளை மல்லில் லைனிங் 2, அகலத்தில் கால் இஞ்ச் குறைவாக, உயரம் 8½. இல்லாவிட்டால் உள்ளே தொளதொளத்து மூக்கில் மாட்டும். பஞ்சுத் திண்டு 2, சுற்றிலும் அரை இஞ்ச் சிறிதாக, கீழ் மடிப்பையும் விட்டு. திண்டு தையலுக்குள் போகவே கூடாது. போனால் ஓரம் விரல் தடிமன் ஆகும், பாதத்தின் கீழ் நுழையாது, ஊசி வளையும்.

திண்டுக்கு இலவம்பஞ்சு சுமார் 50 கிராம். அதன் குணம் உருளுவது. கட்டாமல் விட்டால் ஒரே துவைப்பில் கீழே போய்க் கட்டியாகும். இரண்டு பழைய மல்துணிக்கு நடுவே 1¼ இஞ்சுக்கு ஒரு கோடாகத் தைத்து, குழல் குழலாக்கி, பென்சிலால் பஞ்சைத் தள்ளி, வாயை மூடுவது. பொறுமை இல்லாதவர்களுக்கு மாற்று: பழைய டர்க்கி டவல் இரண்டு மடிப்பு. வேலை பாதி, துவைக்கவும் பயமில்லை. உள்ளபடி சொன்னால் இந்த ஊர்ச் சூட்டுக்கு டவலே தேவலை. பஞ்சு அழகுக்குத்தான், கையில் எடுக்கும்போது புஸ்ஸென்று இருக்கும்.

டவலானால் வெளித்துணியின் உள்பக்கத்தில் வைத்து, முதலில் கையால் ஓட்டுத்தையல் போட்டு நிறுத்தி, 2 இஞ்சுக்கு ஒரு சாய்கோடு இரு திசையிலும் அடித்து வைரக்கட்டம் ஆக்குவது. கோடுகளை நடுவிலிருந்து தொடங்கி வெளியே போக வேண்டும். ஓரத்திலிருந்து வரிசையாக அடித்துக்கொண்டு போனால் மேல்துணி தள்ளிப்போய்க் கடைசியில் ஒரு மடிப்பு விழும். பிரிப்பதைத் தவிர வழியில்லை. கால்மெஷினில் ஊசி 16, தையல் நீளம் 4, பாதத்தின் அழுத்தத் திருகை இரண்டு சுற்றுத் தளர்த்துவது. திரைக்குப் போட்ட 14-ஆம் நம்பர் ஊசியிலேயே இதையும் அடித்தால் தையல் விட்டுவிட்டு விழும். அடிப்பக்கம் நூல் வளையம் வளையமாகத் தொங்கினால் பாபினைத் திட்டாதீர்கள், அது பெரும்பாலும் மேல்நூல் டென்ஷன் தட்டுக்குள் சரியாக உட்காராததால் வருவது. பாதத்தைத் தூக்கிவைத்து மறுபடி கோத்தால் சரியாகும்.

பிறகு பைப்பிங். குறுக்காக, 45 டிகிரியில் 1¼ இஞ்சுப் பட்டி வெட்டி, நடுவில் பருத்திக் கயிறு. நேர்துணியில் வெட்டிய பட்டி வளைவில் முறுக்கிக்கொள்ளும். இரண்டு வெளித்துணியின் நல்ல பக்கங்களும் உள்ளே பார்க்க, நடுவே பைப்பிங், உச்சியில் 3 இஞ்ச் நாடாவை மடித்துக் கொக்கி போல உள்நோக்கி வைத்து, வளைவைச் சுற்றித் தைப்பது. வளைவில் அரை இஞ்சுக்கு ஒரு வெட்டு, தையலைத் தொடாமல். இதை விட்டால் திருப்பின பிறகு உச்சி பெட்டி போல முட்டிநிற்கும். லைனிங்கைத் தனியாகத் தைத்து, திருப்பாமல் உள்ளே நுழைத்து, வெளித்துணியின் கீழ் 1½ இஞ்சை அதன் மேல் மடித்து, விளிம்பைக் கொஞ்சம் உள்ளே திருகிக் கைத்தையல். லைனிங்கின் உச்சியை வெளித்துணி உச்சியோடு நாலு தையல் போட்டுப் பிடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் குல்லாவைத் தூக்கும்போதெல்லாம் நாக்கு மாதிரி வெளியே வரும்.

மற்றவை

தோரணக்கொடி வரிசை போட்டுப் பார்த்துக் கழற்றிவிட்டோம், கோவில் கொடை வீட்டுக் களை வந்துவிட்டது. விளக்கு 5 வாட் எல்.ஈ.டி., 2700 கெல்வின். 6500 போட்டால் சுண்ணாம்பின் மஞ்சள் செத்துவிடும். பூவுக்குக் காருகுறிச்சி மண்சாடி, அதில் நந்தியாவட்டையும் ஒரு கொத்து மரிக்கொழுந்தும். லாவெண்டர் இந்த மண்ணில் மல்லுக்கட்டும், விட்டுவிடுங்கள்.

தேநீர்

நம் கடைகளில் வரும் சி.டி.சி. தூள் கொதிக்கவைப்பதற்கானது. டீ பாட்டுக்குள் போட்டால் இரண்டு நிமிடத்தில் கறுத்துத் துவர்க்கும். பாட்டுக்குச் சுருள் இலைத் தேயிலை, ஆர்த்தடாக்ஸ் என்று கேட்க வேண்டும். மணிமுத்தாறுக்கு மேலே மாஞ்சோலை, ஊத்து என்று தேயிலை விளைந்த மலையை வைத்துக்கொண்டே நீலகிரிச் சரக்கைத் தேடும் நிலைமை. சிங்கம்பட்டி ஜமீனிடம் 1929-இல் 99 வருடக் குத்தகையில் தொடங்கிய தோட்டம், 2024-இல் வேலை நின்றுபோனது.

800 மில்லி தண்ணீருக்கு நாலு டீஸ்பூன் இலை. முதலில் டீ பாட்டுக்குள் வெந்நீர் ஊற்றிச் சுழற்றிக் கொட்டுவது. நம் ஊரிலும் இது வேண்டும், சில்லென்ற பீங்கானில் கொதிநீர் விழுந்தால் கீறல் விடலாம். தளதளவென்று கொதிக்கிற தண்ணீரை ஊற்றி, மூடி, மூன்றரை நிமிடம். பிறகு இலையை வடிகட்டியோடு வெளியே எடுத்துவிட்டுத்தான் குல்லா. இலையை உள்ளே வைத்துக் குல்லாவைக் கவிழ்ப்பதுதான் ‘பாட் டீ கசக்குது’ என்பவர்கள் எல்லோரும் செய்வது. சூடு இறங்காததால் இலை தொடர்ந்து துவர்ப்பை விட்டுக்கொண்டே இருக்கும்.

கப்பின் மேல் எண்ணெய்ப் படலம் போல ஒரு ஏடு மிதந்தால் குற்றம் தண்ணீருடையது. போர்த் தண்ணீரில் இருக்கும் கால்சியமும் பைகார்பனேட்டும் தேயிலைச் சத்தோடு சேர்ந்து படிவது அது. தாமிரபரணிக் குழாய்த் தண்ணீரில் போட்டால் ஏடு இல்லை, நிறமும் செந்தெளிவு. போர்த் தண்ணீர்தான் உண்டு என்றால் கறுப்பு டீயில் நாலு சொட்டு எலுமிச்சை விட்டால் ஏடு கரையும். பால் டீக்கு இந்த வைத்தியம் ஆகாது, திரிந்துவிடும். பால் டீயில் கருப்பட்டி போடுகிறவர்களும் கப்பில் ஊற்றிக் கொஞ்சம் ஆறிய பிறகு கரைப்பது நல்லது. கொதிக்கும்போது போட்டால் அதுவும் திரியும்.

கொறிக்க ஸ்கோன் சுட வேண்டியதில்லை, தூத்துக்குடி மக்ரூன் இருக்கிறது. முட்டை வெள்ளை, சீனி, முந்திரி மூன்றும்தான். காற்றுப் புகாத டப்பாவில் வைத்து, டீ ஊற்றிய பிறகு திறங்கள். மழை நாளில் கால் மணி நேரம் தட்டில் கிடந்தாலே பிசுபிசுக்கும்.

ஐப்பசி, கார்த்திகையில் குல்லாவைப் பாட்டின் மேலேயே விட்டுவைக்காதீர்கள். உள்ளே தங்கும் ஆவி காயாமல் லைனிங்கில் கரும்புள்ளி விழும். உச்சி நாடாவைப் பிடித்து ஜன்னல் கம்பியில் தொங்கவிட வேண்டும். அந்த 3 இஞ்ச் நாடா அதற்காகத்தான்.